மூக்குக் கயிறு இல்லாமல் 401-இல் ஏறாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடைகாலத்தில் குடும்பத்தோடு போகக்கூடிய ஏரிகள் பற்றிச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு முழுப்பக்கம் வந்திருந்தது. பிக்கறிங்கின் பிரெஞ்ச்மன்ஸ் பே, றூஜ் ஆற்றின் முகத்துவாரம், ஸ்கூகொக் ஏரி, கவர்த்தா ஏரிகள் என்று நல்ல இடங்களாகத் தெரிந்தெடுத்து எழுதியிருந்தீர்கள். எங்கள் பிள்ளைகள் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகை ஓட்டப் பழகுகிறார்கள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கயாக்கை வீட்டிலிருந்து ஏரிக்கரைவரை கொண்டுபோவது பற்றி அந்தப் பக்கத்தில் ஒரேயொரு வரிதான் இருந்தது. ரூஃப் ராக் (கூரையில் பொருள் கட்டும் சட்டம்) இல்லாத சிறிய எஸ்யூவியிலும் கூரைமேல் வைத்துக் கட்டிக்கொண்டு போகலாம் என்று அந்த வரி சொன்னது. போகலாம் என்பது உண்மை. எப்படிக் கட்டுவது என்று சொல்லாமல் விட்டதற்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் ஏஜாக்ஸில் வசிக்கிறேன். சுவரும் கூரையும் இல்லாத ஃப்ளாட்பெட் லொறி ஓட்டுவது என் தொழில். ஹமில்ற்றனில் உருக்குச் சுருள்களை ஏற்றிக்கொண்டு 401 நெடுஞ்சாலை வழியே கிழக்கும் மேற்குமாகப் பல வருடங்களாக ஓடுகிறேன். மூடிய பெட்டி லொறி ஓட்டுபவர்களுக்குக் கதவைப் பூட்டினால் வேலை முடிந்துவிடும். எங்களுக்கு அப்படியல்ல. சங்கிலி, பட்டி, மரக்கட்டை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நாங்களேதான் பார்க்கவேண்டும், பிழை நடந்தால் நாங்களேதான் பொறுப்பு. ஆகவே ஒரு வாகனத்தின் மேல் எதையாவது கட்டியிருப்பதைக் கண்டால் முடிச்சைத்தான் என் கண் முதலில் தேடும்.

மே மாதம் விக்ரோறியா தின நீண்ட வார இறுதியில் இருந்து இலையுதிர் காலம் வரை, வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நான் காணும் காட்சி இதுதான்: சிறிய எஸ்யூவி, கூரையில் ராக் கிடையாது, பத்தடிக் கயாக் ஒன்று போர்வையின் மேலோ நீச்சல்குளத்தில் பிள்ளைகள் வைத்து விளையாடும் ஃபோம் நூடில்களின் மேலோ கிடக்கும். நடுவில் இரண்டு பட்டி, சிலவேளை உடுப்புக் காயவிடும் கயிறு. முன்னுக்கும் பின்னுக்கும் ஒன்றுமே இல்லை. ஓட்டுபவர் யன்னலால் ஒரு கையை வெளியே விட்டுக் கயாக்கைப் பிடித்திருப்பார். 110 கிலோமீற்றர் வேகத்தில் அந்தக் கை எதையும் பிடிக்காது என்பதை அந்த மனிதருக்கு யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

போன கோடையில் போமன்வில்லைத் தாண்டிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தேன். சாம்பல் நிற எஸ்யூவி ஒன்று இடப்பக்கத்தால் என்னை முந்தியது. அதன் பின்கண்ணாடியில் வேல் ஒட்டியிருந்தது, எங்கள் ஆட்கள்தான். என் லொறியின் முகப்பை அது தாண்டும்போது கயாக்கின் மூக்கு இடப்பக்கம் திரும்பி ஓரடி மேலெழும்பியதைக் கண்டேன். ஏன் அந்த இடத்தில் என்று எனக்குத் தெரியும். என் லொறி தனக்கு முன்னால் காற்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. பக்கத்தில் வருகிற வாகனம் முதலில் என் மறைப்புக்குள் இருக்கும், முகப்பைத் தாண்டியதும் அந்தத் தள்ளுகாற்று பக்கவாட்டில் வந்து அறையும். இரண்டாவது தடவை மூக்கு எழும்பியபோது முன்பட்டி வழுகிப் பின்னால் போனது. கயாக் கூரையிலிருந்து புரண்டு வலப்பக்க ஓரத்தில் போய் விழுந்தது. நான் ஏற்கெனவே வேகத்தைக் குறைத்து இடைவெளி விட்டிருந்தேன். என் பின்னால் இருபது தொன்னுக்கு மேல் இரும்பு இருந்தது. கயாக் விழுந்தது ஓரத்தில் அல்லாமல் நடு வழியில் என்றால், ஒரு மோட்டார் சைக்கிளுக்கு முன்னால் என்றால் என்று நினைக்கும்போது இன்றும் என் வயிறு கலங்குகிறது. அந்தத் தகப்பன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, கயாக்கை எடுக்க நெடுஞ்சாலை ஓரமாகவே திரும்பி ஓடிவந்தார். அதுதான் எல்லாவற்றிலும் பயங்கரம். தயவுசெய்து எவரும் அப்படிச் செய்யவேண்டாம். விழுந்தது விழுந்துவிட்டது. பாதுகாப்பான இடத்தில் நின்று 911-ஐ அழையுங்கள், பொலிஸ் வந்து பாதையை மறிக்கும்.

இனி, ஏன் இது நடக்கிறது என்று சொல்கிறேன். என் தொழிலில் எதிரி எடை. இரும்புச் சுருள் பிரேக் அடிக்கும்போது முன்னுக்கு ஓடப் பார்க்கும். அதனால் முன்பக்கம் சுமையின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசையைத் தாங்கும்படி கட்டவேண்டும் என்று கனடாவின் சுமைப் பாதுகாப்பு விதி சொல்கிறது. அதே கணக்கைக் கயாக்குக்குப் போட்டுப் பாருங்கள். பத்தடிப் பிளாஸ்ரிக் கயாக் ஏறக்குறைய 22 கிலோ. முழுப் பிரேக்கில் அது முன்னுக்குத் தள்ளும் விசை 18 கிலோ அளவில்தான் வரும். கயாக்கின் ஆபத்து அதன் எடையில் இல்லை, காற்றில் இருக்கிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும். மணிக்கு 60 கிலோமீற்றரில், காற்றுக்கு நேர்எதிரே நிற்கும் ஒரு சதுர மீற்றர் பரப்பின் மேல் 17 கிலோ அளவு விசை விழும். 100 கிலோமீற்றரில் அதுவே 47 கிலோ. எதிர்க்காற்று 30 கிலோமீற்றர் வேகத்தில் வீசும் நாளென்றால் 80 கிலோவுக்குக் கிட்டப் போய்விடும். கயாக் கூர்மையாக இருப்பதால் நேராகக் கிடக்கும்வரை அவ்வளவும் அதன்மேல் விழாது. மூக்கு சற்றே எழும்பினாலோ திரும்பினாலோ கதை மாறிவிடும். அப்போது காற்று அதைப் பட்டம்போலத் தூக்கும். நகரத்துக்குள் கெனடி றோட்டில் ஆடாமல் அசையாமல் வந்த கயாக் 401-இல் ஏறியதும் துள்ளத் தொடங்குவதற்குக் காரணம் இதுதான். வீட்டு வாசலில் பிடித்து உலுப்பிப் பார்த்துவிட்டு இறுக்கமாக இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை.

என் அக்காவின் மகன் ஸ்காபரோவில் இருக்கிறான். அவனும் அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "மாமா, மெதுவாத்தான் போறன், ஒரு மணித்தியால ஓட்டம்தானே" என்றான். "தம்பி, நீ மெதுவாப் போவாய், பக்கத்தில வாற லொறி மெதுவாப் போகாது. முதல்ல அவிழ்" என்றேன். இரண்டு பேருமாக நின்று முதலிலிருந்து கட்டினோம். அன்று செய்ததையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் வண்டியின் கையேட்டை எடுத்துக் கூரை எவ்வளவு தாங்கும் என்று பார்த்தோம். பல சிறிய எஸ்யூவிகளில் 75 கிலோ, சிலவற்றில் அதிலும் குறைவு. ஒரு கயாக்குக்கு அது தாராளம். கூரை முழுக்கக் கண்ணாடியாக இருக்கும் வண்டி என்றால் வெறும் கூரையில் ஏற்றும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். கூரையைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைத்தோம். மணல் இருந்தால் பெயின்ற் போவது ஒருபுறம், ஃபோம் பிடிக்காமல் வழுகும் என்பதுதான் பெரிய பிரச்சினை.

நூடில்களைக் குப்பையில் போடச் சொன்னேன். அவை கட்டும்போது இறுக்கமாகத் தெரியும், பத்து நிமிட ஓட்டத்தில் நசிந்துவிடும். நசிந்த அளவுக்குப் பட்டி தளரும். கயாக்குக்கென்றே விற்கும் அடர்த்தியான ஃபோம் கட்டைகள் இருக்கின்றன, பட்டியும் கயிறும் சேர்ந்த பொதியாகவே வாங்கலாம். இரண்டு கட்டைகளையும் எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள், ஒன்று முன்கதவுகளுக்கு மேலே, மற்றது பின்கதவுகளுக்கு மேலே. கயாக்கைக் கவிழ்த்து வைத்தோம். நிமிர்த்தி வைத்தால் மழை பெய்யும்போது உள்ளே தண்ணீர் சேரும், ஆள் உட்காரும் குழியில் காற்றும் பிடிக்கும்.

நடுப்பட்டிகள் இரண்டு. நான்கு கதவையும் திறந்து வைத்துவிட்டு, பட்டியைக் கயாக்கின் மேலால் போட்டு, கூரைக்குக் கீழே வண்டியின் உள்ளால் எடுத்துக் கட்டவேண்டும். பிறகு கதவைச் சாத்தலாம். யன்னலால் எடுத்துக் கட்டினால் கதவு திறக்காது. அவசரத்தில் பிள்ளைகளை எப்படி இறக்குவீர்கள்? உள்ளே போகுமுன் பட்டியை ஒருதரம் முறுக்கிவிடுங்கள், காற்றில் அது அதிர்ந்து ஊளையிடுவது நின்றுவிடும். மழையில் பட்டி வழியே தண்ணீர் கசிந்து உள்ளே வரும், அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். இன்னொரு விடயத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: பல வாகனங்களில் பக்கவாட்டுக் காற்றுப்பைகள் கதவுக்கு மேலே கூரையின் ஓரத்திலிருந்துதான் விரிந்து இறங்கும். உள்ளால் பட்டி போடுவதைப் பற்றி உங்கள் வண்டியின் கையேடு எச்சரித்திருந்தால் அந்த எச்சரிக்கைக்குக் கீழ்ப்படியுங்கள். கூரையின் இரு ஓரங்களிலும் உயர்ந்த கம்பி இருக்கும் வண்டியென்றால் இந்தச் சிக்கலே இல்லை, பட்டியைக் கம்பிக்குக் கீழால் எடுத்துக் கட்டிவிடலாம்.

என் லொறியில் நான் பாவிக்கும், நெம்புகோலால் இறுக்கும் ராச்செற் பட்டியை மருமகன் கேட்டான். கொடுக்கவில்லை. அது இரும்புக்கு உரியது. அந்த நெம்புகோலை இரண்டு தரம் இழுத்தாலே பிளாஸ்ரிக் உடல் குழிவிழும், ஃபைபர்கிளாஸ் என்றால் வெடிக்கும். கையால் இழுத்து இறுக்கும் பக்கிள் வைத்த பட்டியே போதும். அதில் தைத்திருக்கும் சீட்டில் எவ்வளவு சுமை தாங்கும் என்று எழுதியிருக்கும். சீட்டு இல்லாததையும் ஓரம் கிழிந்ததையும் வாங்கவேண்டாம். இழுபடும் இறப்பர் கொக்கிக் கயிறுகள் இந்த வேலைக்கு உதவவே உதவாது. காற்று தூக்கும்போது அவையும் சேர்ந்து நீளும்.

இவ்வளவும் பாதி வேலை. இதோடு நிறுத்துகிறவர்களைத்தான் நான் ஒவ்வொரு வெள்ளியும் பாதையில் காண்கிறேன். மீதிப் பாதி முன்னும் பின்னும் கட்டும் கயிறு. மருமகனுக்கு விளங்கட்டும் என்று நான் அதை மூக்குக் கயிறு என்று சொன்னேன், இப்போது அவன் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். கயாக்கின் முன்நுனியிலிருந்து வண்டியின் முன்பக்கத்து இடமும் வலமுமாக இரண்டு கயிறுகள் இறங்கவேண்டும், பின்நுனியிலிருந்தும் அப்படியே. ஒற்றைக் கயிறு மேலெழும்புவதை மட்டும் தடுக்கும். விரித்துக் கட்டிய இரண்டு கயிறுகள்தான் பக்கவாட்டில் திரும்புவதையும் தடுக்கும்.

எங்கே கட்டுவது என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். இன்றைய வண்டிகளின் பம்பர் பிளாஸ்ரிக், அதில் கட்ட ஒன்றுமில்லை. போனற்றைத் திறந்து பாருங்கள். இரு ஓரத்திலும் முன்சில்லின் மேல்தகட்டைப் பிடித்திருக்கும் போல்ற்கள் வரிசையாகத் தெரியும். அவற்றில் ஒன்றைக் கழற்றி, துளையுள்ள ஒரு நாடா வளையத்தைக் கோத்துத் திரும்ப இறுக்கிவிட்டால், வேண்டும்போது அந்த வளையத்தை வெளியே எடுத்துவிட்டுப் போனற்றைச் சாத்தலாம். வேண்டாதபோது உள்ளே மடித்துவிடலாம். இதற்கென்றே செய்த வளையங்கள் சோடியாக விற்கின்றன, விலையும் பெரிதில்லை. பின்பக்கத்தில் றெயிலர் இழுக்கும் கொக்கி இருந்தால் அதில் கட்டலாம், இல்லாவிட்டால் பின்கதவுக்குள்ளும் இதே வளையத்தைப் பூட்டலாம். பெரும்பாலான வண்டிகளோடு திருகிப் பூட்டும் இழுவை வளையம் ஒன்றும் வரும். மேலதிக ரயர் இருக்கும் இடத்தில் தேடிப்பாருங்கள், பம்பரில் அதற்கொரு சிறு மூடியும் இருக்கும்.

கயிறு பொலியெஸ்ரராக இருந்தால் நல்லது. நைலோன் நனைந்தால் நீளும். மலிவான மஞ்சள் நிறக் கயிற்றில் முடிச்சு நிற்காது, வெயிலில் உக்கியும் போகும். கயாக்கின் நுனியில் தூக்குவதற்கென்று இருக்கும் பிளாஸ்ரிக் கைபிடி காலப்போக்கில் நொய்ந்துவிடும், அதை மட்டும் நம்பாமல் உடலோடு சேர்ந்த துளையிலோ வளையத்திலோ கட்டுங்கள். கயாக் வில்லாக வளையும் அளவுக்கு இழுக்கக்கூடாது. தொய்வு நீங்கினால் போதும். மிஞ்சிய நுனியைச் சுற்றி முடிந்துவிடுங்கள். தொங்குகிற நுனி ரயருக்குள் அகப்பட்டால் கயாக்கையே கீழே இழுத்துவிடும்.

முன்கயிறுகளில் எனக்குப் பிடித்த ஒரு குணம் உண்டு. அவை ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே நிற்கின்றன. நடுப்பட்டி தளர்ந்தால் உங்களுக்குத் தெரியாது. மேலே ஏதாவது அசைந்தால் முன்கயிறு ஒன்று தொய்ந்து அடிக்கத் தொடங்கும், அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

லொறிச் சுமைக்கு எங்களுக்குள்ள விதி, புறப்பட்டு முதல் 80 கிலோமீற்றருக்குள் இறங்கிப் பார்க்கவேண்டும், அதன்பின் 240 கிலோமீற்றருக்கு ஒருதரம் அல்லது மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம், எது முந்துகிறதோ அது. வெறும் கூரையில் ஃபோம் கட்டை வைத்துக் கட்டியவர்கள் 80 கிலோமீற்றர் காத்திருக்கக்கூடாது. நெடுஞ்சாலையில் ஏறுமுன் ஒரு ரிம் ஹோற்றன்ஸ் கோப்பிக் கடை வாசலிலாவது நிறுத்தி எல்லாப் பட்டியையும் ஒருதரம் இழுத்துப் பாருங்கள். ஃபோம் அமர்ந்து எல்லாமே கொஞ்சம் தளர்ந்திருக்கும். பிறகு நெடுஞ்சாலையில் ஓடி, முதலில் வரும் தரிப்பிடத்தில் இன்னொரு தரம். வலப்பக்க வழியில், 90-க்கு மேல் போகாமல் ஓடுங்கள். காற்று பலமான நாளில் பேர்லிங்ரன் ஸ்கைவே மாதிரி உயரப் பாலங்களைத் தவிர்த்து வேறு பாதை எடுங்கள், பலத்த காற்றுக்காக அந்தப் பாலத்தையே மூடும் நாட்கள் உண்டு.

மருமகன் இரண்டாவது கயாக்கையும் ஏற்றலாமா என்று கேட்டான். வெறும் கூரையில் ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பதில் நான் இறங்கி வரவில்லை. இரண்டு கொண்டுபோகவேண்டிய குடும்பம் குறுக்குக் கம்பிகளை வாங்கிப் பூட்டட்டும். அதற்குப் பணம் இல்லையென்றால், காற்றடைத்துப் பாவிக்கும் கயாக் ஒன்று பின்பெட்டிக்குள் மடிந்து கிடக்கும். வருடத்தில் இரண்டொரு தடவை மட்டும் போகிறவர்களுக்கு வாடகைக்கு எடுப்பதே மலிவு, பல ஏரிக்கரைகளில் அங்கேயே கிடைக்கிறது.

சட்டமும் இருக்கிறது. ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், 111-ஆம் பிரிவு, எந்த வாகனத்திலும் சுமை கழன்று விழாதபடி கட்டப்பட்டிருக்கவேண்டும் என்கிறது. லொறி என்றும் கார் என்றும் அது வேறுபாடு பார்ப்பதில்லை. சுமை வண்டியின் பின்னால் 1.5 மீற்றரோ அதற்கு மேலோ நீண்டால் பகலில் சிவப்புக் கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் வேண்டும். பத்தடிக் கயாக் அவ்வளவு நீளாது. ஆனாலும் நான் மருமகனின் கயாக்கின் பின்நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டேன், வாகனத் தரிப்பிடத்தில் யாரும் முகத்தில் அடிபடாமல் இருக்கட்டும் என்று.

நாங்கள் கடலோரத்தில் பிறந்து வளர்ந்த ஆட்கள். வள்ளம் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் ஊரில் வள்ளம் கடற்கரையிலேயே கிடந்தது, அதை ஒரு காரின் மேல் ஏற்றி நூறு கிலோமீற்றர் வேகத்தில் கொண்டுபோக எவரும் பழக்கவில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் இதைத் தகப்பனிடமிருந்தும் பாட்டனிடமிருந்தும் சிறுவயதிலேயே பழகிவிடுகிறார்கள். எங்கள் முதல் தலைமுறை இங்கே இரண்டு வேலை செய்துகொண்டிருந்தது, ஏரிக்குப் போக நேரமிருக்கவில்லை. இப்போதுதான் போகத் தொடங்கியிருக்கிறோம். ஆகவே அந்தச் சாம்பல் நிற வண்டியின் தகப்பன்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அந்த இடத்தை ஒரு தமிழ்ப் பத்திரிகை நிரப்பலாம் என்று நம்புகிறேன்.

எனது வேண்டுகோள் இரண்டு. அடுத்த தடவை ஏரிகள் பற்றி எழுதும்போது, உயிர்காப்பு அங்கி பற்றி எழுதுவதுபோல, கயாக் கட்டும் முறையையும் ஒரு படத்தோடு போடுங்கள். நடுவில் இரண்டு பட்டி, முன்னால் இரண்டு கயிறு, பின்னால் இரண்டு கயிறு. எழுத்து வாசிக்காத பிள்ளைக்கும் அந்தப் படம் விளங்கும். மற்றது, கோடைகால ஒன்றுகூடல் நடத்தும் ஊர்ச்சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் உங்கள் மூலமாகச் சொல்கிறேன்: ஏதாவதொரு சனிக்கிழமை ஒரு தரிப்பிடத்தையும் ஒரு கயாக்கையும் ஒழுங்கு செய்யுங்கள். நான் ஃபோம் கட்டையும் பட்டியும் கயிறும் கொண்டுவந்து, எத்தனை பேர் வந்தாலும் கட்டிக் காட்டுகிறேன். என் தொலைபேசி இலக்கம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது. கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். நான் ஓட்டத்தில் இல்லாத சனிக்கிழமைகளை அந்தந்த மாதத் தொடக்கத்திலேயே அறியத் தருவேன்.

இப்படிக்கு,
ஃப்ளாட்பெட் லொறி ஓட்டுநர் ஒருவர்,
ஏஜாக்ஸ், ஒன்ராறியோ